பொருந்தாத ஷிஃப்டர்

என்னிடம் மலைச் சைக்கிள் இருக்கிறது என்று சொன்னால், நெய்வேலியில் ஏது மலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மலை இல்லை. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வெட்டி வருஷக்கணக்காகக் கொட்டியதில் உயர்ந்த மண்மேடுகள் இருக்கின்றன. பழைய மேடுகளில் மரம் நட்டுவிட்டார்கள். வேலிக்கு வெளியே இருக்கும் ஒரு மேட்டில் ஆடு மாடு ஏறி ஏறி ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் அதில் சைக்கிள் ஏற்றுவோம். அப்போது அந்த ஏழெட்டுப் பேரில் நான் ஒருவன்தான் காண்ட்ராக்ட். மற்ற எல்லாரும் பர்மனென்ட்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பதிமூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன். என் சைக்கிள், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுப்போனது. நல்ல சட்டம், ஆனால் கியர் எல்லாம் தேய்ந்துபோயிருந்தது. முதன்முதலில் அதை மேட்டில் ஏற்றிய அன்றே செயின் அறுந்து கையில் வந்துவிட்டது. பாதையோரம் விழித்துக்கொண்டு நின்றபோது மேலேயிருந்து இறங்கி வந்த ஒருவர் நிறுத்தி, பையிலிருந்து சின்னக் கருவி ஒன்றை எடுத்து, பத்து நிமிஷத்தில் செயினைச் சேர்த்துக் கொடுத்தார். நான் "தேங்க்ஸ் சார்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை யாரும் சார் கிடையாது தம்பி. அண்ணன்னு கூப்பிடு" என்றார்.

அப்படித்தான் அவர் எனக்கு அண்ணன் ஆனார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். சுரங்கத்தின் பணிமனையில் பர்மனென்ட். அவருடைய அப்பா தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டவுன்ஷிப்பில்தான். சைக்கிள் பற்றி ஒரு வீடியோ சேனல் வைத்திருந்தார். டயரில் எவ்வளவு காற்று அடைப்பது, பிரேக் எப்படி மாற்றுவது என்றெல்லாம் தமிழில் நிதானமாகச் சொல்வார். சில ஆயிரம் பேர் பார்ப்பார்கள். அதில் அவருக்குப் பெருமை உண்டு. எனக்கும் இருந்தது.

இரண்டு வருஷம் ஒரு ஞாயிறு விடாமல் அவரோடு ஓட்டினேன். முடிந்ததும் அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போவோம். அதற்கு முன்னால் நான் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குள் போனதெல்லாம் தண்ணீர்த் தொட்டி கழுவத்தான். அதுவும் பின்பக்க வழியாக. முன்வாசல் வழியாக நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுக்காரர்கள் குடிக்கும் அதே தம்ளரில் டீ வாங்கிக் குடித்தது அந்த ஒரு வீட்டில்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவரைப் பற்றிப் பேசும்போது, "உங்க அண்ணன்" என்றே சொல்வாள், கூடப் பிறந்தவரைச் சொல்வதுபோல.

போன வருஷம் மழை முடிந்தபின் என் சைக்கிளின் பின் டீரெய்லர் முழுசாகக் கைவிட்டது. பின்சக்கரத்துப் பல் அடுக்குக்குக் கீழே தொங்கி, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து, எங்கள் பேச்சில் ஒரு பல்லிலிருந்து, அடுத்ததற்குத் தள்ளுகிற உறுப்பு அது. அதன் ஸ்பிரிங் தளர்ந்து, இறக்கத்தில் செயின் சட்டத்தில் மோதிக்கொண்டே வந்தது. முன்னால் இருந்த மூன்று பல் சக்கரங்களில் செம்மண் அப்பி, எதுவும் நகரவில்லை.

"இத ரிப்பேர் பண்ணாத. முன்னால ஒரே பல்லு, பின்னால பத்து. மொத்தமா மாத்திடு" என்றார் அண்ணன்.

மாற்றுவது என்று முடிவானபின் மூன்று மாசம் அதே யோசனையாக இருந்தேன். டீரெய்லரில் செயினைத் தாங்கிப் பிடிக்கும் பகுதியில் குட்டைக் கூண்டு, நீளக் கூண்டு என்று உண்டு; பெரிய பல் வரைக்கும் போக நீளம் வேண்டும். சிலவற்றில் செயினை ஆடவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு இருக்கும். மேட்டுப் பாதைக்கு அது இல்லாமல் ஆகாது. இதையெல்லாம் அவரிடம் கேட்டும், கைபேசியில் படித்தும், சின்ன டைரி ஒன்றில் எழுதி வைத்தேன். ஒருநாள் என் மனைவி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஷிஃப்டர் ஷிஃப்டர்னு எழுதிகினு இருக்கீங்களே, நைட் ஷிப்ட் போட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். கைப்பிடியில் இருந்து கியர் மாற்றும் விசைக்குத்தான் அந்தப் பேர் என்று விளக்கினேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஷிஃப்டரில்தான் எனக்குச் சிக்கல். என் வலது சுட்டுவிரல் ஐந்து வருஷத்துக்கு முன் பெல்ட் உருளையில் நசுங்கியது. விரல் இருக்கிறது, மடங்காது. குழுவில் ஒவ்வொருவருடைய சைக்கிளாக வாங்கி விசையை அழுத்திப் பார்த்தேன். நான் பார்த்த ஜப்பான் ஷிஃப்டர்களில் ஒரு விசைக்குக் கட்டைவிரல், இன்னொன்றுக்குச் சுட்டுவிரல். அமெரிக்கக் கம்பெனியுடையதில் இரண்டுக்குமே கட்டைவிரல் போதும். அதை அழுத்தியபோது என் கைக்கென்றே செய்ததுபோல இருந்தது. ஆனால் டீரெய்லரில் ஜப்பான்காரனுடையதுதான் மண்ணுக்குத் தாங்கும் என்று அண்ணன் அடித்துச் சொன்னார்.

நான் நேராகவே கேட்டேன். அவர் வீட்டு முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"ரெண்டும் வேற வேற கம்பெனியா இருக்குதேண்ணா. ஒத்துப் போவுமா?"

"பத்துக்குப் பத்து தம்பி. பல்லு எண்ணிக்கை ஒண்ணா இருந்தா முடிஞ்சது. இது கேபிள இழுக்கும், அது நகரும். அவ்வளவுதான் விஷயம்."

என் டைரியை வாங்கி, ஜப்பான் டீரெய்லரின் மாடல் எண்ணையும் அதற்குக் கீழே அமெரிக்க ஷிஃப்டரின் மாடல் எண்ணையும் அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அதன்படியே வரவழைத்தேன்.

பொருள்கள் வந்த வாரம் வெள்ளிக்கிழமை சைக்கிளை அவர் வீட்டில் விட்டேன். சனிக்கிழமை அவர் பொருத்தினார். எனக்கு முதல் ஷிப்ட், முடித்துவிட்டு வந்து பார்க்கட்டுமா என்று போன் செய்தபோது, "வேணாம், டியூன் பண்ணிட்டிருக்கேன். காலைல மேட்டுக்குக் கொண்டாந்துடறேன்" என்றார். குரலில் ஏதோ அவசரம் இருந்தது. வேலையாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை சொன்னபடி தன் காரில் ஏற்றிக் கொண்டுவந்தார். மேட்டடியில் சமதரையில் ஒரு சுற்று ஓட்டினேன். நடுப் பற்களில் சொடுக்குச் சொடுக்கென்று மாறியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. குழுவில் ஒருவர், "மாப்பிள்ளை மாதிரி இருக்கே" என்றுகூடச் சொன்னார்.

"ஏறும்போது கடைசிப் பெரிய பல்லுல போட்டுக்கோ. லேசா இருக்கும்" என்றார் அண்ணன். வழக்கமாக அவர்தான் முன்னால் போவார். அன்றைக்கு, "நீ முன்னால போ, புது வண்டி" என்று என்னை விட்டுவிட்டுப் பின்னால் வந்தார். அவருடைய கைப்பிடியில் கேமரா இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான்.

பாதை செங்குத்தாகிற இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் கடைசிப் பல்லுக்குக் கொண்டுபோனேன். செயின் ஏறிய சத்தம் கேட்டது, ஆனால் உட்காரவில்லை. கரகரவென்று உரசியது. எழுந்து நின்று முழு எடையையும் மிதியில் போட்டேன். செயின் சட்டென்று வழுக்கி அடுத்த பல்லுக்கு விழுந்தது. கால் காற்றில் போனது. கைப்பிடி திரும்பி, இடது பக்கமாகக் கல்லில் விழுந்தேன். தோளில் ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

இடது காறை எலும்பு. ஐந்து வாரம் கையைக் கழுத்தோடு தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். சைக்கிளுக்கு இடது பிரேக் பிடி ஒடிந்துபோனது, சட்டத்தில் ஒரு நீளக் கீறல். அண்ணன்தான் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் வரும்வரை கூடவே நின்றார். என் மனைவி பதறிக்கொண்டு வந்தபோது, "அவசரப்பட்டுக் கியர மாத்திட்டான்மா. புது வண்டில்ல, கை பழகல" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். இரண்டு தடவை வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் வந்து உட்கார்ந்ததும் என் மனைவி அவருக்கு முன்னாலேயே என்னைத் திட்டுவாள், "சொல்றதக் கேக்காம ஆடினா இப்டித்தான்" என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தார்.

நான் வேலைக்குத் திரும்பியபோது பழைய இடத்தில் வேறு ஆள் இருந்தான். ஒரு கையால் செய்யக்கூடிய வேலை என்று என்னைத் தூசி அதிகமான இடத்தில் போட்டார்கள். அதைப் பற்றிப் பெரிதாக நினைக்கவில்லை. அந்த வாரமே கேண்டீனில் கூட வேலை பார்க்கிற ஒருவன் கைபேசியை நீட்டினான்.

"இதப் பாருண்ணா. எவனோ நம்ம மேட்டுல வுழுறான். செம காமெடி."

அண்ணனின் சேனல். 'சொன்னா கேக்கணும்' என்று வீடியோவுக்குத் தலைப்பு. கடைசி அரை நிமிஷம் மட்டும் அவன் காட்டினான். ஒருவன் மேட்டில் ஏறுகிறான், செயின் வழுக்குகிறது, கவிழ்கிறான். அந்த இடத்தில் பாத்திரம் உருளுகிற மாதிரி ஒரு சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். பிறகு அதையே மெதுவாக இன்னொரு தடவை. முகத்தை மஞ்சள் வட்டம் போட்டு மறைத்திருந்தார்கள். சட்டையை மறைக்கவில்லை. நீலச் சட்டை, முதுகில் எங்கள் காண்ட்ராக்டருடைய பேர். மேசையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வதென்று அப்போது தெரியவில்லை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து மனைவியோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். அண்ணன் தன் வீட்டு முன்னால் என் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி வைத்துக்கொண்டு பேசினார். மிகத் தெளிவாகப் பேசினார். ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்கு இழுக்கிற கேபிளின் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. இந்த இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொரு சொடுக்கிலும் ஒரு நூலளவு குறையும். நடுப் பல்லில் சரியாக வைத்துவிட்டால் அங்கே தெரியாது. பெரிய பல்லுக்குப் போவதற்குள் குறைச்சல் எல்லாம் சேர்ந்து, செயின் பல்லில் உட்காராமல் விளிம்பில் நிற்கும். "அந்த நேரம் பாத்து எழுந்து மிதிச்சா ஆள் காலி" என்றார். பிறகு சொன்னார்: "நம்ம காண்ட்ராக்ட் தம்பி ஒருத்தர். ரெண்டும் ஒரே கம்பெனியா வாங்குப்பான்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கல. என்ன ஆச்சுன்னு கடைசில பாருங்க."

டைரியை எடுத்துப் பார்த்தேன். அவர் கையெழுத்து அப்படியே இருந்தது.

மனைவி வீடியோவைப் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். சட்டென்று நிறுத்தினாள்.

"ஏங்க, இந்தப் புடி உடையாம இருக்குதே."

ஸ்டாண்டில் இருந்த என் சைக்கிளில் இடது பிரேக் பிடி முழுசாக இருந்தது. சட்டத்தில் கீறல் இல்லை. டயரில் மண்கூட இல்லை. விழுந்த அன்று குழுவில் ஒருவர் சைக்கிளை வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, கேபிளில் தொங்கிய ஒடிந்த துண்டை அவள்தான் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

"வுழறதுக்கு முன்னாடியே எடுத்துருக்காரு" என்றாள். "சனிக்கெழம."

முதலில் அவருக்கும் தெரியாமல்தான் எழுதிக் கொடுத்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தப்பு எல்லாருக்கும் வரும். சனிக்கிழமை பொருத்திப் பார்த்தபோது தெரிந்திருக்கும். எனக்கு ஒரு போன் போதும், 'தம்பி, நான் சொன்னது தப்பாப் போச்சு, நாளைக்கு ஓட்டாத' என்று. அதைச் சொல்ல முடியாமல், தன் தப்பை என் தப்பாக மாற்றி, கேமராவுக்கு முன்னால் பேசி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே சைக்கிளை என் கையில் கொடுத்திருக்கிறார். பெரிய பல்லில் போடச் சொல்லியிருக்கிறார். பின்னாலேயே வந்திருக்கிறார்.

மறுநாள் சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போனேன். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தம்பி, கை எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாருக்குது சார்."

குழாயை மூடினார். "என்ன, சார்னு ஆரம்பிச்சுட்ட?"

டைரியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "இது உங்க கையெழுத்துதானே சார்?"

பார்த்தார். "ஆமா."

"எவ்வளவோ சொன்னேன், கேக்கலன்னு வீடியோவுல சொல்றீங்களே."

"நான் இது ரெண்டும் சேரும்னு எழுதலையே. ரெண்டும் நல்ல பொருள்னு எழுதிக் கொடுத்தேன்."

இதை அவர் என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அதற்காகத் தயாராக இருந்ததுபோல இருந்தது. டைரியை மூடிவிட்டுக் கேட்டேன்.

"சனிக்கெழமையே உங்களுக்குத் தெரியும். ஏன் என்னை ஓட்ட வுட்டீங்க?"

"இப்படி விழுவேன்னு நான் நினைக்கல. வழுக்கும், நீ இறங்கிடுவ, கீழ வந்ததும் விளக்கிச் சொல்லலாம்னு இருந்தேன். நாலு பேருக்குப் பயன்படுற விஷயம் தம்பி. உன் முகம் தெரியாதமாதிரிதானே போட்டிருக்கேன்?"

"சட்டை தெரியுது சார். கேண்டீன்ல சிரிக்கிறாங்க."

அவர் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்துவந்து நீட்டினார். ஜப்பான் கம்பெனி ஷிஃப்டர், புதுசு. "இத வச்சுக்கோ. உன் டீரெய்லருக்குச் சரியாப் பொருந்தும். நான் மாட்டித் தரேன்."

சுட்டுவிரல் மடங்காது என்பதை அவர் மறந்திருந்தார். இல்லை, அது எப்போதுமே அவர் மனசில் இல்லையோ என்னவோ. வாசல் கதவுக்குப் பின்னால் அவர் மனைவி நின்றிருந்தார். என்னை டீ குடிக்கக் கூப்பிடவில்லை. பெட்டியை வாங்காமல் வந்துவிட்டேன். வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் போனேன். அதைக் கேட்கவே இல்லை என்று டவுன்ஷிப் ஆர்ச் கேட் தாண்டியபின்தான் நினைவு வந்தது.

அதற்கப்புறம் நானே உட்கார்ந்து படித்தேன். எந்த டீரெய்லருக்கு எந்த ஷிஃப்டர், ஒரு சொடுக்குக்கு எவ்வளவு கேபிள் என்று கம்பெனிகளே போட்டிருக்கிற பட்டியல் இருக்கிறது. அரை மணி நேரத்தில் விளங்குகிற விஷயம். கட்டைவிரல் ஷிஃப்டரை வைத்துக்கொண்டு, அதே அமெரிக்கக் கம்பெனியின் நீளக் கூண்டு டீரெய்லரை வரவழைத்தேன். வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு நானே மாட்டினேன். இரண்டு சாயந்திரம் ஆனது. மனைவி மிதியைச் சுற்ற, நான் ஒவ்வொரு பல்லாகப் போட்டுப் பார்த்தேன். கடைசிப் பல்லில் செயின் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. "இவ்ளோதானா?" என்றாள் அவள். இன்னொரு தடவை சுற்றச் சொன்னேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுக்குப் போவதை விட்டுவிட்டேன். முதல் ஷிப்ட் முடிகிற நாள்களில் சேத்தியாத்தோப்பு வரை தனியாக ஓட்டிவிட்டு, வெள்ளாற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவேன். ஒருநாள் திரும்பும் வழியில் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவரைப் பார்த்தேன். அவரும் காண்ட்ராக்ட்தான், அனல்மின் நிலையத்தில். என் சைக்கிளைப் பார்த்து நிறுத்தினார். புது கியர் வாங்கப்போவதாகச் சொன்னார்.

"ரெண்டையும் ஒரே கம்பெனியா வாங்குங்க" என்றேன். "டீரெய்லரும் ஷிஃப்டரும் ஜோடியா இருக்கணும். யாரு சொன்னாலும் பட்டியல ஒருதரம் நீங்களே பாத்துடுங்க."

அவர் தயங்கினார். பிறகு மரியாதையாகவே சொன்னார்: "அண்ணன் சொன்னாருங்க. அவரு பேச்சக் கேக்காம மாத்தி வாங்கினது நீங்கதான்னு. இப்ப நீங்களே இப்டிச் சொல்றீங்களே."

டைரி வீட்டில் இருந்தது. இருந்திருந்தாலும் நடுரோட்டில் எடுத்துக் காட்டியிருப்பேனா என்று தெரியவில்லை. "ஆமாங்க, தப்பு பண்ணவன் சொல்றேன், கேட்டுக்கோங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தபடி தலையாட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவிக்குக் கோபம் வந்தது. "பண்ணாத தப்ப ஏன் ஒத்துக்கினீங்க?" என்றாள். அந்த ஆள் விழாமல் இருந்தால் போதும் என்று தோன்றியது என்றேன். அவள் அதை ஏற்கவில்லை. இன்றுவரை ஏற்கவில்லை. வீடியோ இன்னும் இருக்கிறது. கீழே நிறையப் பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். சரியான நேரத்தில் பார்த்தேன், இல்லாவிட்டால் நானும் இப்படித்தான் வாங்கியிருப்பேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணன் அதற்குக் கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டிருக்கிறார்.

போன வாரம் பின்டயர் தேய்ந்துபோய் மெயின் பஜார் கடையில் நின்றேன். எந்த டயர் என்று கடைக்காரர் இரண்டு வகையை எடுத்துப் போட்டார். கைபேசியை எடுத்து அண்ணன் எண் வரைக்கும் போய்விட்டேன். இரண்டு வருஷத்துப் பழக்கம். பிறகு அதைப் பையில் போட்டுவிட்டு, இரண்டு டயரையும் கையில் வாங்கி, விளிம்பில் அச்சடித்திருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க ஆரம்பித்தேன்.